டி-11 பாராசூட்: ஆறு எண்ணும் வரை பொறுத்தால் போதும்

ராணுவப் பாராசூட்டை யாரும் பார்த்துப் பிடித்து வாங்குவதில்லை. வரிசையில் நின்றால் கையில் தருவார்கள். மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியதுதான். ஆனாலும் உயிரையே ஒப்படைக்கிற பொருளைப் பற்றி அதில் தொங்கியவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அமெரிக்கத் தரைப்படையின் வான்குதிப்புப் படைப்பிரிவில் இருந்தவன் நான். பழைய டி-10, அதற்குப் பதிலாக வந்த டி-11 இரண்டிலும் குதித்திருக்கிறேன். புதிதாகப் பயிற்சிக்குப் போகிறவர்களும், அவர்களுடைய குடும்பத்தினரும், "அதில் குதித்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி-11 நல்ல பாராசூட். ஐந்துக்கு நான்கு தருவேன். தரையைத் தொடும்போது அது உடம்புக்குச் செய்கிற உபகாரம் பெரியது. அதற்கு ஈடாக மேலே, கதவைத் தாண்டிய உடனே, உங்கள் பொறுமையைக் கொஞ்சம் கேட்கும்.

டி-10 1950களில் வந்தது. மொத்தச் சுமை 360 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் கணக்கு. அன்றைக்கு ஒரு சிப்பாய் சுமந்தது வேறு. இன்றைக்குக் கவச உடை, ரேடியோ, பேட்டரிகள், இரவுக் கண்ணாடி, தோட்டா, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் ஆளோடு அந்த எல்லையைத் தாண்டிவிடும். சுமை கூடினால் இறங்கும் வேகமும் கூடும், கணுக்கால் உடையும். அதனால்தான் பெரிய துணி, சிலுவை வடிவக் குடை, 400 பவுண்டு வரை தாங்கும் அமைப்பு என்று டி-11 வந்தது.

மாட்டிக்கொள்வதிலிருந்து ஆரம்பிப்போம். பிரதானப் பாராசூட் முதுகில், அது திறக்காவிட்டால் இழுப்பதற்கான ரிசர்வ் பாராசூட் வயிற்றுக்கு முன்னால், அதற்குக் கீழே தொடைகளை இடித்தபடி ரக்சாக் என்கிற மூட்டைப் பை, இடது பக்கம் துப்பாக்கி உறை. டி-11இன் இரண்டு பாராசூட்டும் சேர்ந்தே 53 பவுண்டு. டி-10இல் இது 44தான். ஒன்பது பவுண்டு என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். உடம்பைச் சுற்றும் பட்டைகளான ஹார்னஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதுகு நிமிராமல், சிறுநீர் கழிக்கவும் வழியில்லாமல், விமானம் எப்போது வரும் என்று பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பாருங்கள். அப்போது தெரியும் அந்த ஒன்பது பவுண்டு எங்கே இருக்கிறது என்று. தொடைப் பட்டைதான் முதலில் வேலையைக் காட்டும். கால் மரத்துப் போகும். குதிப்பதற்கு நான் ஆவலாக இருந்ததில் பாதிக் காரணம், அந்தப் பட்டையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்பது.

இந்தக் காத்திருப்பில் நான் மனதார மதிக்கிற ஒன்று நடக்கும். குதிப்பை நடத்துகிற ஜம்ப்மாஸ்டர் வந்து ஒவ்வொருவரையும் கையாலேயே சோதிப்பார். ஹெல்மெட் பட்டையில் தொடங்கி, தோளில் குடையைக் கழற்றிவிடும் கேனபி ரிலீஸ், மார்புக் கொக்கி, ரிசர்வ், தொடைப் பட்டை என்று இறங்கும். அப்புறம் உங்களைத் திருப்பி நிறுத்தி, விமானத்தில் மாட்டி பாராசூட்டைத் தானாகத் திறக்க வைக்கும் பட்டையான ஸ்டேட்டிக் லைனின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்ப்பார். கண் பார்க்கிற இடத்துக்குக் கையும் போகும். கை போகிற இடத்துக்குக் கண்ணும் போகும். கடைசியில் பின்புறத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழுந்ததும் மனசு ஒரு படி இறங்கி உட்காரும். பாராசூட்டை மடித்துக் கட்டுகிற ரிக்கர்களும் அப்படித்தான். யார் மடித்தது என்ற பதிவு ஒவ்வொரு பொதியோடும் இருக்கும். தான் மடித்ததில் எதை எடுத்துக் கொடுத்தாலும் மாட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக இருப்பவர்தான் ரிக்கர். எந்தத் தரச் சான்றிதழைவிடவும் எனக்கு அது பெரிது.

விமானத்துக்குள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சி-130 ராணுவச் சரக்கு விமானம் என்றால் வலைத்துணி இருக்கையில் எதிரெதிராக முழங்காலோடு முழங்கால் கோத்து உட்கார வேண்டும். சூடு, எரிபொருள் வாடை, தாழப் பறக்கும்போது யாராவது ஒருவர் வாந்தி, அதைத் தொடர்ந்து இன்னும் நாலு பேர். அதைவிடப் பெரிய சி-17 பரவாயில்லை, இடமும் உண்டு, சத்தமும் குறைவு. பிறகு கட்டளைகள் வரிசையாக வரும். எழுந்து நில், கொக்கியை மாட்டு ('ஹுக் அப்'), ஸ்டேட்டிக் லைனைப் பார், முன்னால் இருப்பவனின் முதுகைப் பார். தலைக்கு மேலே ஓடும் கம்பியில் கொக்கியை மாட்டி, அது பூட்டிக்கொள்ளும் 'க்ளிக்' விரலில் தெரிந்த பிறகு பயத்துக்கு நேரம் இருக்காது. பின்னாலிருந்து ஒவ்வொருவராக முன்னால் இருப்பவனைத் தட்டி, அந்தத் தட்டு முதல் ஆள் வரை வந்து சேரும். கதவு திறக்கும். காற்றின் இரைச்சலில் ஜம்ப்மாஸ்டரின் குரல் கேட்காது, கை அசைவுதான் தெரியும். சிவப்பு விளக்கு பச்சையாகும்.

விஷயமே இனிமேல்தான். விமானம் 130 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும். ஸ்டேட்டிக் லைனைக் கதவருகில் அதைக் கவனித்துக்கொள்ள நிற்பவரின் கையில் கொடுத்துவிட்டு வெளியே அடி வைத்ததும் தாடையை மார்பில் பதிக்க வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, உள்ளங்கைகள் ரிசர்வின் இரண்டு பக்கமும், கால்கள் சேர்ந்தும் இருக்க வேண்டும். காற்று பக்கவாட்டில் அறையும். வாய் தானாக எண்ணத் தொடங்கும்: ஒன் தௌசண்ட், டூ தௌசண்ட்...

டி-10இல் நான்கு எண்ணுவோம். நான்கு முடிவதற்குள்ளேயே உடம்பு முழுக்க ஒரு வெட்டு வெட்டும். தோளையும் குடைக் கயிறுகளையும் இணைக்கும் ரைசர் பட்டைகள் ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் அடிக்கும். மறுநாள் தோளிலும் உள்தொடையிலும் கன்றிப்போன தடம் இருக்கும். வலிதான், ஆனால் அந்த வலியில் ஒரு சேதி உண்டு: திறந்துவிட்டது, பிழைத்தோம். பழைய ஆட்கள் டி-10ஐ விட்டுக்கொடுக்காமல் பேசுவதற்கு இதுதான் காரணம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

டி-11இல் எண்ணிக்கை ஆறு. குடை ஒரு நீண்ட உறைக்குள்ளிருந்து வெளியே வருகிறது. கயிறுகளின் மேலிருந்து ஸ்லைடர் என்கிற ஒரு துண்டு மெல்லக் கீழே இறங்கி, துணி ஒரேயடியாக விரியாமல் பிடித்து வைக்கிறது. அதனால் திறக்கும் வேகமே வேறு. ஒன்று: காற்றின் அறை. இரண்டு: எஞ்சின் சத்தம் சட்டென்று விலகிப் போகும். மூன்று: தோளில் ஒரு சின்ன இழுப்பு. திறந்துவிட்டது என்று மனசு துள்ளும், ஆனால் அது உறை உருவிக்கொண்டு போவதுதான். நான்கு: உடம்பு இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, அது வயிற்றில் தெரியும். டி-10இல் பழகியவனுக்கு இந்த இடம்தான் சோதனை. பழைய கணக்குப்படி நேரம் முடிந்துவிட்டது, கை ரிசர்வ் பிடியைத் தேடத் துடிக்கும். ஐந்து. ஆறு சொல்லும்போது இடுப்பிலும் தொடையிலும் எடை மெதுவாக வந்து உட்காரும். இழுத்து நிறுத்தாது, தாங்கிக்கொள்ளும். அண்ணாந்து பார்த்தால் முழுக் குடையும் விரிந்து நிற்கும்.

மாறி வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தரையில் நிற்கும்போதே ஆறு எண்ணிப் பழகுங்கள், வாய்விட்டு, நிதானமாக. அவசரத்தில் எண்ணினால் ஆறும் நான்காகிவிடும். ஆறு முடிந்தும் எடை வரவில்லை என்றால் தயங்காமல் ரிசர்வை இழுக்க வேண்டும். 1,000 அடியிலிருந்து குதிக்கிறவனுக்கு யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. 1983இல் கரீபியன் தீவான கிரெனடாவின் பாயிண்ட் சலீன்ஸ் விமானத் தளத்தில் அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர்கள் 500 அடியிலிருந்தே குதித்தார்கள். அந்த உயரத்தில் காற்றில் இருப்பதே இருபது நொடிக்குக் கொஞ்சம் கூடுதல்தான்.

திறந்த பிறகு கிடைக்கிற அமைதியை என்னால் விலை மதிக்க முடியாது. அரை நிமிடத்துக்கு முன் காதைப் பிளந்த சத்தம் எதுவுமே இருக்காது. பக்கத்தில் தொங்குகிறவன் சாதாரணக் குரலில் பேசினாலே கேட்கும். டி-10 ஊஞ்சல் மாதிரி ஆடும், ஆடிக்கொண்டே தரையில் மோதினால் எந்தப் பக்கம் விழுவோம் என்றே தெரியாது. டி-11 அந்த ஆட்டத்தை வெகுவாக அடக்கிவிட்டது. ஆனால் ரசித்துக்கொண்டிருக்க முடியாது. சுற்றிலும் நூறு பேர் இறங்கிக்கொண்டிருப்பார்கள், கீழே இருப்பவனுக்குத்தான் வழி உரிமை. அடுத்தவன் குடைக்கு நேர் மேலே போய்விட்டால் அவன் குடை நம் காற்றைத் திருடிக்கொள்ளும், நம் குடை தொய்ந்துவிடும். அதனால் கண் ஓயாமல் சுற்ற வேண்டும்.

இங்கேதான் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். இது திருப்பி ஓட்டுகிற வகைப் பாராசூட் கிடையாது. விலகிப் போக வேண்டும் என்றால் இரண்டு ரைசர்களைக் கையால் பற்றி மார்பு வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். டி-10இல் இழுத்தால் பேச்சைக் கேட்கும். டி-11இன் பெரிய துணி லேசில் மசியாது. புஜம் நடுங்கும் அளவுக்கு இழுத்தும் கொஞ்சம்தான் நகரும். கை பலம் குறைந்தவர்கள் இதற்கென்றே உடற்பயிற்சி செய்து வர வேண்டும்.

இன்னொன்று காற்று. டி-10 நொடிக்கு 22 முதல் 24 அடி இறங்கும். டி-11 சுமார் 19 அடி. 1,000 அடியிலிருந்து கணக்குப் போட்டால் டி-11இல் ஏறத்தாழ பத்து நொடி கூடுதலாகக் காற்றில் இருப்போம். பயிற்சிக் குதிப்புக்குத் தரைக்காற்றின் உச்ச வரம்பு 13 நாட், அதாவது நொடிக்கு 22 அடி. அந்தப் பத்து நொடியில் மட்டும் இருநூறு அடிக்கு மேல் தள்ளிக்கொண்டு போய்விடும். இன்னும் கவனித்தால், அந்தக் காற்றில் கீழே இறங்கும் வேகத்தைவிடப் பக்கவாட்டில் போகிற வேகமே அதிகம். மெதுவாக இறக்கிவிடும் பாராசூட் என்ற நம்பிக்கையில் அசட்டையாக இருந்தால் காற்று தன் வேலையைக் காட்டிவிடும்.

சரி, தரை. இருநூறு அடிக்குக் கீழே வந்ததும் ரக்சாக்கை அவிழ்த்துவிட வேண்டும். அது 15 அடிக் கயிற்றில் கீழே தொங்கும். பகலில் நிலம் ஏறி வருவது தெரியும். தெரிவதாலேயே கால் தானாக நீளும், அப்படி நீட்டினால் எலும்பு முறியும். பார்வையைத் தொடுவானத்தில் வைத்து, பாதமும் முழங்காலும் ஒட்டியிருக்க, முழங்காலை லேசாக மடக்கிக் காத்திருக்க வேண்டும். இரவில் எதுவுமே தெரியாது. ரக்சாக் தரையில் 'தொப்'பென்று விழும் சத்தம்தான் சேதி. அடுத்த நொடி நாம். பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்கால், தொடை, புட்டம், முதுகின் பக்கம் என்று ஐந்து இடமும் வரிசையாகத் தரையில் உருள வேண்டும்.

இரண்டு பாராசூட்டுக்கும் வித்தியாசம் உடம்பில் தெரிவது இந்த நொடியில்தான். நொடிக்கு 23 அடி வேகம் என்பது எட்டடிச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். 19 அடி என்பது ஐந்தரை அடிச் சுவர். முழுச் சுமையோடு எட்டடியிலிருந்து குதித்தால் பற்கள் மோதிக்கொள்ளும், எழுந்திருக்கும்போது எது எது அசைகிறது என்று பார்த்துக்கொண்டுதான் எழுந்திருப்போம். டி-11இல் விழுந்தால் விழுந்த மாதிரிதான் இருக்கும், மெத்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மோதலின் வலு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உருண்டு எழுந்து ஓட முடியும். தரையில் இறங்கிய பிறகுதான் சிப்பாயின் வேலையே தொடங்குகிறது. எழுந்து ஓட முடியாத சிப்பாயை இறக்கி என்ன பயன்? முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் மேலே கேட்கிற அந்தக் கூடுதல் இரண்டு எண்ணிக்கையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன்.

ரிசர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ரிசர்வின் பிடி வலது பக்கம் இருக்கும், வலக்கையால்தான் இழுக்க வேண்டும். டி-11இன் ரிசர்வில் பிடி மேலே நடுவில் இருக்கிறது, எந்தக் கையாலும் இழுக்கலாம். திறந்தால் அதிர்ச்சி உடலின் நீளவாக்கில் பரவும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு கையில் அடிபட்டாலோ கயிறு சுற்றிக்கொண்டாலோ இன்னொரு கை இருக்கிறது என்ற நினைப்பே கதவருகில் நிற்பவனுக்குப் பெரிய தைரியம். இதற்கு முழு மதிப்பெண்.

இறங்கிய பிறகு இரண்டு வேலை. காற்று இருந்தால் குடை நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். உடனே தோளில் இருக்கும் கேனபி ரிலீஸில் ஒன்றைத் தட்டிவிட வேண்டும், துணி படுத்துவிடும். குடை பெரியது என்பதால் டி-11 இழுக்கிற இழுப்பும் பலமானது. எழுந்து நிற்கப் பார்க்காமல் முதலில் ரிலீஸைத் தேடுங்கள். இரண்டாவது, அத்தனை துணியையும் பைக்குள் திணிப்பது. பை நிரம்பி வழியும், ஜிப் ஏறாது, முழங்காலால் அழுத்தித்தான் மூட வேண்டும். ஈரப் புல்லில் விழுந்திருந்தால் இன்னும் கனக்கும். பிறகு அதை முதுகில் ஏற்றி, ரிசர்வை முன்னால் தொங்கவிட்டு, ரக்சாக்கையும் தூக்கிக்கொண்டு, குதித்து இறங்கும் திடலான டிராப் ஸோனின் ஓரத்தில் கூடும் இடத்துக்கு மணலில் நடக்க வேண்டும். அடுத்து வரும் பாராசூட்டை வடிவமைக்கிறவர்கள் இந்த நடையைச் சுமையோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, எடையில் கை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.