பீச் பழத்துக்கு 10 சதவீதம்: அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் படம் எடுக்கலாம்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எடுத்த படங்களின் கடைசியில், பெயர்கள் ஓடும்போது ஒரு பீச் பழ லோகோ வந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா நன்றிக்காகப் போட்டதல்ல அது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே செய்யும் செலவில் 20 சதவீதம் வரி கிரெடிட்டாகக் கிடைக்கும்; அதாவது, மாநிலத்துக்குக் கட்டவேண்டிய வரியில் அவ்வளவைக் கழித்துக்கொள்ளலாம். பீச் லோகோவையும் போட்டு மாநிலத்துக்கு விளம்பரம் தேடிக்கொடுத்தால் இன்னொரு 10. ஐந்து கோடி டாலர் செலவழிக்கும் படத்துக்கு அந்த ஒரு பழத்தின் விலை 50 லட்சம் டாலர்!

ஆனால் கிடைப்பது காசு இல்லை, கிரெடிட். ஜார்ஜியாவில் வரி கட்டவேண்டிய அவசியமே இல்லாத வெளியூர் கம்பெனி அதை வைத்து என்ன செய்யும்? அங்கே வரி கட்டுகிறவர்களிடம் தள்ளுபடியில் விற்கும். டாலருக்கு 88 சென்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் டாலர் செலவுக்கு 3 லட்சம் கிரெடிட்; கைக்கு வருவது 2,64,000. தரகர் கமிஷன் தனி.

நியூ மெக்சிகோவில் அடிப்படை விகிதம் 25 சதவீதம்தான். கேட்க மட்டமாக இருக்கிறது, சரி. ஆனால் அங்கே கணக்குத் தாக்கல் செய்தால் மாநில அரசே பணத்தைத் திருப்பித் தருகிறது. அதே 10 லட்சத்துக்கு முழுதாக 2,50,000. ஆக 30க்கும் 25க்கும் உண்மையான இடைவெளி 14,000 டாலர்தான். அப்புறம், அல்புகர்க்கி, சான்டா ஃபே வட்டாரத்தை விட்டு 60 மைலாவது தள்ளிப்போய்ப் படமெடுத்தால் கூடுதல் சலுகை உண்டு. வறண்ட பாலைவனத்துக் கதை கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பதாக எழுதிய ‘பிரேக்கிங் பேட்’ தொடர் அல்புகர்க்கிக்கு இடம் மாறியதே இந்தச் சலுகைக்காகத்தான். ஒரே ஒரு சிக்கல்: இங்கே மாநிலம் ஓர் ஆண்டில் தரும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, ஜார்ஜியாவில் இல்லை.

கலிஃபோர்னியா? 2009இல் தொடங்கிய சலுகைத் திட்டத்தில் எந்தப் படத்துக்குச் சலுகை என்பதைச் சில ஆண்டுகள் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். ஹாலிவுட் இருக்கும் ஊரில் லாட்டரி! குலுக்கல் போய்விட்டது, 2025இல் ஆண்டு ஒதுக்கீட்டை 75 கோடி டாலராகவும் உயர்த்தினார்கள். இருந்தாலும் நட்சத்திரங்களின் சம்பளம் கணக்கில் சேராது. ஜார்ஜியாவில் சேரும். பெரிய நடிகர்களை வைத்துப் படமெடுக்கிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

இருப்பதிலேயே விநோதம் டெக்சாஸ். அது நேரடி மானியம், விற்க வாங்க வேண்டியதில்லை. ஆனால் டெக்சாஸையோ அந்த ஊர் மக்களையோ தவறாகச் சித்தரித்தால் தராமல் மறுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ‘மச்சேட்டி’ படத்துக்கு 2010இல் அப்படித்தான் கையை விரித்தார்கள். நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்ததும், ‘சம்திங் சம்திங்’ உதிர்ந்து ‘உனக்கும் எனக்கும்’ மட்டும் நின்றது நினைவிருக்கும். 2011இல் ‘யு’ சான்றிதழும் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பதாகவும் இருக்கவேண்டும் என்று நிபந்தனையை நீட்டினார்கள். பெயரை மாற்றுவது ஒரு நாள் வேலை. வில்லன் டெக்சாஸ்காரர் என்பதை எப்படி மாற்றுவது?

என்னைக் கேட்டால், சின்ன பட்ஜெட்காரர்கள் நியூ மெக்சிகோவுக்குப் போகலாம். ஜார்ஜியாவில் ஆண்டுக்கு 5 லட்சம் டாலராவது செலவு காட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள். பெரிய ஸ்டூடியோவுக்கு ஜார்ஜியாதான். டெக்சாஸுக்குப் போகிறவர்கள் கேமராவை எடுப்பதற்கு முன்பே திரைக்கதையை ஒரு வக்கீலிடம் அனுப்பிவைக்கட்டும்.