ட்ரெயில் கேமரா: பெட்டியில் உள்ள எண்களில் எதை நம்பலாம்?

ட்ரெயில் கேமரா என்பது காட்டில் கட்டிவிட்டு வந்தால், விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் கருவி. அதன் பெட்டியில் ஆகப் பெரிய எழுத்தில் இருப்பது மெகாபிக்சல். 24, 36, 48 என்று ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே இருக்கும் இமேஜ் சென்சாரோ பல மாடல்களில் 2 முதல் 8 மெகாபிக்சல்தான். மீதியை மென்பொருள் ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது. ஃபைல் கனக்கும், கார்டு சீக்கிரம் நிரம்பும். கொம்பின் கிளைகளை எண்ணலாமென்று படத்தைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் குழைந்து தெரியும். வன ஆய்வுகளில் நன்கு அறிமுகமான ரெகானிக்ஸ் ஹைப்பர்ஃபயர் 2 வெறும் 3 மெகாபிக்சல் கேமரா. அதன் பலம் 0.2 வினாடி ட்ரிகர், அதாவது விலங்கை உணர்ந்ததிலிருந்து படமெடுக்க ஆகும் நேரம். தேட வேண்டியது அந்த மாதிரி எண்ணைத்தான்.

ஏனென்றால் இந்தக் கருவியை எழுப்புவது லென்ஸ் இல்லை. அதற்குக் கீழே பால் நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சன்னல். பின்னால் உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. சன்னல் எதிரே உள்ள வெளியைப் பல பட்டைகளாகப் பிரித்துக் கொடுக்கும். சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது சென்சார் விழிக்கும். இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குறுக்கே நடக்கும் பன்றி உடனே சிக்கும். கேமராவை நோக்கி நேராக வரும் பன்றி பட்டை மாறுவதில்லை. கிட்டத்தில் வந்த பிறகுதான் சிக்கும். உச்சி வெயிலில் காற்றின் சூடும் விலங்கின் மேல்தோல் சூடும் நெருங்கிவிடுவதால், "25 மீட்டர்" என்று போட்ட கேமரா அதில் பாதி தூரம்கூட எட்டாமல் போகலாம். வெயிலில் காய்ந்த இலை காற்றில் ஆடினால் வெறும் புதர்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் சேரும்.

ட்ரிகர் நேரத்தை வைக்கப்போகும் இடத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பார்வைக் கோணம் 45 டிகிரி என்றால், 3 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம்தான் படத்துக்குள் வரும். வினாடிக்கு 1.5 மீட்டர் நடக்கும் விலங்கு ஒரு வினாடியில் நடுவைத் தாண்டிவிடும். கிடைப்பது பின்னங்காலும் வாலும். நடைத்தடத்துக்கு 0.5 வினாடிக்குக் குறைவாக வேண்டும். நீர்நிலை, உப்புக்கட்டி போன்ற நின்று போகும் இடங்களுக்கு 1 வினாடியே போதும். ஒரு படம் எடுத்து அடுத்ததற்குத் தயாராகும் நேரமும் முக்கியம். பெண்மானுக்குப் பின்னால் சற்று இடைவெளி விட்டு வரும் ஆண்மானைத் தவறவிடுவது இதனால்தான். பெட்டியில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரவு வெளிச்சத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இருட்டில் படமெடுக்க இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு எல்இடி விளக்கை எரிக்கின்றன. 850 நானோமீட்டர் அலைநீள எல்இடி தூரம் எட்டும், படம் தெளிவாக வரும். ஆனால் எரியும்போது முன்பக்கம் கங்கு போல மங்கலாகச் சிவக்கும். நேராகப் பார்க்கும் மனிதருக்கும் சில விலங்குகளுக்கும் அது தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது; விலையாகத் தூரம் குறையும், படம் பொரிப்பொரியாகத் தெரியும். வெளிச்சம் போதாததை ஈடுகட்ட ஷட்டர் மெதுவாக இயங்குவதால், ஓடும் விலங்கு புகை போலக் கலங்கும். திருட்டு பயமுள்ள இடத்துக்கு 940. திறந்த வெளிக்கு, தூரத்துக்கு 850. புலியின் வரியையோ சிறுத்தையின் புள்ளியையோ வைத்துத் தனித்தனியாக அடையாளம் காண வேண்டுமென்றால் வெள்ளை ஃபிளாஷ்தான் சரி. அதற்கும் ஒரு கேமரா போதாது. இடப்பக்க வரி வலப்பக்கத்தில் இருக்காது என்பதால், தடத்தின் இரு பக்கமும் ஒன்று வேண்டும்.

பேட்டரியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அல்கலைன் ஏஏ புதிதில் 1.5 வோல்ட் தரும், போகப்போக இறங்கும். பகல் படம் வரும், இரவில் எல்இடி இழுக்கும் மின்சாரத்துக்குத் தாங்காமல் கேமரா அணைந்துவிடும். "இரவில் ஒன்றுமே வரவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட்தான், 8 செல் தொடராக இருந்தால் 12க்குப் பதில் 9.6 வோல்ட். கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள். ஒருமுறை பயன்படும் லித்தியம் ஏஏ கடைசிவரை வோல்ட்டைப் பிடித்து நிற்கும், கடுங்குளிரையும் தாங்கும். பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது.

கார்டு: 32 ஜிபி, கிளாஸ் 10, முழு அளவு எஸ்டி. மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகினால் தொடர்பு விட்டுப்போகும். ஃபார்மட் செய்வதைக் கேமராவிலேயே செய்யுங்கள்.

படத்தை மொபைல் நெட்வொர்க் வழியே அனுப்பும் செல்லுலார் மாடல், காட்டுக்குள் அடிக்கடி போய் மனித வாடையை விடுவதைக் குறைக்கும். வாங்குமுன், அது எந்த நெட்வொர்க்கின் அலைவரிசைகளில் வேலை செய்யும் என்று பாருங்கள். வைக்கும் இடத்தில் சிக்னல் தத்தளித்தால் ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி மறுபடி முயன்று பேட்டரியைக் குடித்துவிடும். சட்டத்தையும் பாருங்கள்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு ட்ரெயில் கேமராவையே தடை செய்திருக்கிறது.

கேமராவைக் கட்டும் இடம்: மானுக்கும் பன்றிக்கும் 60 முதல் 90 செ.மீ. உயரம், தடத்திலிருந்து 3 முதல் 5 மீட்டர், தடத்துக்கு 45 டிகிரி சாய்வு. கிழக்கு மேற்கு நோக்கி வைத்தால் காலை, மாலை வெயில் நேராக லென்ஸில் அடிக்கும். கேமரா மூடியின் ரப்பர் வளையத்தில் மண் ஒட்டியிருந்தால் ஈரம் உள்ளே போகும். சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு மூடுங்கள்.

வாங்கிய கையோடு, திருப்பித் தரும் கெடுவுக்குள், மூன்று சோதனை. 5, 10, 15 மீட்டரில் குறுக்கே நடங்கள், காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை. இரவில் 10 மீட்டரில் ஒருவரை நடக்கவிட்டு முகமும் காலும் கலங்குகிறதா பாருங்கள். மூன்றாவது, காது கொடுத்துக் கேளுங்கள்: பகலிலிருந்து இரவுக்கு மாறும்போது உள்ளே அகச்சிவப்பு ஃபில்டர் "டிக்" என்று நகரும். அந்தச் சத்தம் ஒரு கை தூரத்திலேயே பலமாகக் கேட்டால் மானுக்கும் கேட்கும். பகல் படங்கள் ரோஜா நிறமாக வந்தால் ஃபில்டர் நகராமல் சிக்கியிருக்கிறது. ஒருமுறை நிறுத்திப் போட்டும் மாறவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்த செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது.