பழைய கிட்டாரா, ஒரே ஆள் கையால் செய்த புதிதா?

இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார்கள் முன்னால் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 ரகம். இன்னொன்று, ஒரே ஆள் தன் பட்டறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த புதிது. சேர்த்து வைக்க என்றால் பேச்சே இல்லை, பழையதுதான். தினமும் எடுத்து வாசிக்க என்றால் என் ஓட்டு புதிதுக்கு. காரணம் கிட்டாரின் கழுத்து, விரல் வைக்கும் அந்த நீண்ட தண்டு.

ஆனால் முதலில் சத்தத்தைப் பார்த்துவிடலாம், பழையதைத் தேடி அலைகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. 1944 கடைசி வரைக்கும் மார்ட்டினில் மேற்பலகைக்கு அடியில் ஒட்டும் எக்ஸ் வடிவ பிரேஸ்களை (பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களை) நடுவில் குழித்துச் செதுக்கி எடையைக் குறைப்பார்கள். பலகை சட்டென்று அதிரும், அடித்தொனி தாராளமாக வரும். ஆட்கள் தடித்த கம்பிகளை மாட்ட ஆரம்பித்து, பலகை புடைத்துக்கொண்டு பழுதுக்கு வரவும் அந்தச் செதுக்கலை நிறுத்திவிட்டார்கள். மேலே அடிராண்டாக் ஸ்ப்ரூஸ் மரம், பின்னாலும் பக்கவாட்டிலும் பிரேசில் ரோஸ்வுட். இதில் எதுவும் இன்று ரகசியம் கிடையாது. நல்ல லூதியர், அதாவது கிட்டார் செய்யும் கைவினைஞர், யாராக இருந்தாலும் அதே செதுக்கல், அதே ஸ்ப்ரூஸ், விலங்குப் பசை வரைக்கும் அப்படியே செய்து தருவார். நகலெடுக்க முடியாமல் மிஞ்சுவது மரத்தின் வயசு மட்டும். பலகையை ஆக்ஸிஜன் இல்லாத அடுப்பில் வாட்டி அதையும் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். பாதி தூரம் வந்திருக்கிறார்கள் என்பேன்.

பிரேசில் ரோஸ்வுட்டுக்காக மட்டும் பழையதை எடுக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரத்தில், மற்றபடி ஒரே அமைப்பில் செய்த ஆறு கிட்டார்களை, எது எந்த மரம் என்று தெரியாதபடி 52 பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரிலிருந்து வந்தது. ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான். போதாததற்கு, 1992 முதல் இந்த மரம், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அனுமதித் தாள் இல்லாமல் நாடு தாண்டி எடுத்துப் போக முடியாது.

சரி, கழுத்துக்கு வருவோம். சாதாரண லைட் கம்பி செட் ஒன்றே சுமார் 70 கிலோ விசையில் இழுக்கும். எண்பது வருஷம் இப்படி இழுத்தால் உடல் மெல்ல மடங்கி, கழுத்தின் கோணம் சரிந்து, கம்பி உயரே போய்விடும். பழையதைக் கையில் எடுத்ததும் நேரான உலோக அளவுகோல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேல் நீளவாக்கில் வைத்து, கம்பிகள் மேற்பலகையில் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் தள்ளிப் பாருங்கள். நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் நல்லது. பிரிட்ஜின் பக்கவாட்டில் போய் முட்டினால் கழுத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும்: ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கி, துளை போட்டு, கழுத்தை உடலோடு பிணைக்கும் டவ்டெயில் மூட்டுக்குள் நீராவி செலுத்தி, பசை இளகியதும் பிரித்து, அடிப்பாகத்தை இழைத்து மறுபடி ஒட்டுவது. செய்யாமல் தள்ளிப்போட்ட கிட்டார்களில் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலை ராவி ராவி மெல்லிய கோடாக்கி வைத்திருப்பார்கள், சத்தமும் அதோடு சேர்ந்து இளைத்துப் போயிருக்கும். போதாக்குறைக்கு, மார்ட்டின் 1985 வரை கழுத்துக்குள், வளைவைத் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டை வைக்கவில்லை, ஆகவே கழுத்து வளைந்திருந்தால் அதுவும் தனி வேலை.

அப்புறம் ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியும் விளக்கும் விட்டு, பிரிட்ஜுக்கு நேர் அடியில் உள்ளே ஒட்டிய பிரிட்ஜ் பிளேட்டைப் பாருங்கள். கம்பியின் உருண்டை முனைகள் அந்தச் சின்ன மேப்பிள் தகட்டைத் தின்று துளைகளை ஒன்றோடொன்று சேர்த்திருந்தால் அதற்கும் செலவு காத்திருக்கிறது. மேலே லாக்கர் பூச்சில் வலைபோல ஓடும் வெடிப்பு வெறும் வயசு, அதை விட்டுவிடலாம். மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டு தகட்டின் ஓரத்திலிருந்து மர ரேகையோடு ஓடும் விரிசலை விடக்கூடாது, அந்தத் தகட்டின் செல்லுலாய்டு சுருங்கும்போது பலகையையும் சேர்த்து இழுத்துக் கிழிக்கிறது.

புதிதில் இந்தத் தலைவலி இல்லை. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் அகலத்தை உங்கள் விரலுக்கு ஏற்றபடி கேட்கலாம், போல்ட்டில் மாட்டும் கழுத்து கேட்கலாம். பின்னால் கோணம் சரிந்தாலும் அரை நாள் வேலையில் முடியும். அதன் குறை வேறு மாதிரி. முன்பணம் கொடுக்கும்போது அந்தக் கிட்டார் உலகத்திலேயே இல்லை, எப்படிப் பேசும் என்று செய்கிறவருக்கே உறுதியாகத் தெரியாது. வருஷக்கணக்கில் வரிசையும் இருக்கலாம். பெயர் பரவாத லூதியர் என்றால் திருப்பி விற்கும்போது அடி பலமாகவே விழும். அவர் செய்த வேறு இரண்டு மூன்று கிட்டார்களையாவது வாசித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மேண்டலின் என்றால் என் கணக்கு கொஞ்சம் மாறும். கிப்ஸன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் லாய்ட் லோர் கையெழுத்திட்ட 1922–24 எஃப்-5 மேண்டலின் வகையறாவில் குடைந்து செய்த வளைந்த மேற்பலகை, திருகும் ட்ரஸ் ராட் இரண்டும் அப்போதே உண்டு, முதுமையை நன்றாகவே தாங்குகின்றன. எலெக்ட்ரிக் கிட்டாரில் 1958–60 கிப்ஸன் சன்பர்ஸ்ட் லெஸ் பால் போன்றவற்றை வாசிக்கிற பொருளாகக் கருதுவதையே விட்டுவிட்டேன், அது சேகரிப்பவர்கள் சண்டை.

பழைய சத்தம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. யாரோ எப்போதோ மறுபூச்சு போட்ட, கம்பியை முறுக்கும் ட்யூனர் மாற்றிய, விரிசல் ஒட்டிய கிட்டார். சேகரிப்பவர் தொடமாட்டார், மறுபூச்சு ஒன்றே விலையைப் பாதியாக்கும் என்பது விற்பவர்கள் வாய்க்கணக்கு. கழுத்து வேலை முடிந்த அப்படி ஒன்று கிடைத்தால் புதிதுக்கு நான் போட்ட ஓட்டையே திரும்ப வாங்கிக்கொள்வேன். ஒன்றை மட்டும் பாருங்கள்: மறுபூச்சுக்காக மேற்பலகையை எவ்வளவு தேய்த்திருக்கிறார்கள் என்று ஒலித்துளை விளிம்பில் தடிமனை அளந்துவிடுங்கள், தேய்ந்து மெலிந்த பலகைக்கு மாற்று வழி கிடையாது.