நியூசிலாந்தில் கேரவன் வைத்திருப்பவர்களே, ‘வின்டர் பேக்கேஜ்’ ஆளிடம் ஏமாறாதீர்கள்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு நியூசிலாந்தில் கேரவன் வைத்திருப்பவர்கள் நம்மில் சில பேர்தான். ஆனாலும் எழுதுகிறேன். ஏப்ரல் பிறந்ததும், குளிர்காலத்தில் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ‘வின்டர் பேக்கேஜ்’ விற்கும் அந்த ஆள் மறுபடி கிளம்பிவிட்டார். (கேரவன் என்றால் நடிகர்கள் உட்காரும் வண்டி இல்லை, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடு.)

நானும் மச்சானும் கூட்டாகக் கிரைஸ்ட்சர்ச்சில் பழைய வண்டி ஒன்று வாங்கினோம். டிசம்பர் விடுமுறையில் போய்ச் சுற்றிவிட்டு, ஒரு யார்டில் நிறுத்திவிட்டு வருவோம். ஜூனில் நமக்கு இங்கே வியர்த்துக் கொட்டும்போது அங்கே குளிர்காலம். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். குழாயில் மிச்சம் நின்றால் வெடிக்கும். இதெல்லாம் தெரிந்துதான் ஆள் தேடினோம்.

தேக்காவில் காப்பிக்கடையில் அந்த ஆளைப் பார்த்தோம். இங்கேயே இருப்பவர், கிரைஸ்ட்சர்ச்சில் கூட்டாளி இருக்கிறார் என்றார். “அண்ணே, கவலையே படாதீங்க. தண்ணிய இறக்கி, பேட்டரிய கழட்டி, மாசா மாசம் போட்டோ அனுப்பிடுறேன்.” 680 வெள்ளி. மொத்தத்தையும் பேநவில் (PayNow) அப்போதே அனுப்பினேன். நம்ம ஆளிடம் ரசீது கேட்கக் கூச்சம்.

படங்கள் மாதம் தவறாமல் வந்தன. நானும் ‘நன்றி தம்பி’ என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. மெத்தைகளை நிமிர்த்தி வைக்காமல் அப்படியே கிடத்தியிருந்ததால் அடிப்பக்கம் கறுத்துப்போயிருந்தது. நாங்கள் மறந்துவிட்டு வந்த சாம்பார்ப்பொடியை எலி பிரித்து விருந்து வைத்திருந்தது. (அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.) பம்பைப் போட்ட ஒரு நிமிடத்தில் மேசைக்கடியில் இருந்து தண்ணீர் வழிந்து வந்து என் காலை நனைத்தது.

பார்த்த மெக்கானிக் விளக்கினார்: பெரிய தொட்டியை மட்டும் காலி செய்திருக்கிறார்கள். சுடுதண்ணீர் ஹீட்டரின் வடிகால் வால்வைத் திறக்கவே இல்லை. குழாய்களையும் திறந்துவிடவில்லை. ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் நடுவில் வைத்துத் திறக்க வேண்டும், அப்போதுதான் சூடு, குளிர் இரண்டு பக்கமும் வடியும். ஹீட்டர் தொட்டி பிளந்திருந்தது, ஷவர் குழாயும் விரிந்திருந்தது. ‘கழற்றிய’ பேட்டரி பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். இழுத்தபடியே விட்டதில் பிரேக் ஒட்டிக்கொண்டு ஒரு சக்கரம் சுற்றவே இல்லை. செலவு 2,300 நியூசிலாந்து டாலர். விடுமுறையில் நான்கு நாள் மோட்டலில் போனது.

அங்கே தூக்கம் வராமல் படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஜூன் படத்தில் முன்கண்ணாடியின் இடது மூலையில் ஒரு பழுப்பு இலை, நுனி சுருண்டு ஒட்டியிருந்தது. ஜூலையிலும் அதே இலை, அதே சுருள். ஆகஸ்டிலும். செப்டம்பரிலும். தரையில் விழுந்த நிழலும் அதே நீளம். ஒரே நாளில் எடுத்ததைத் தவணை முறையில் அனுப்பியிருக்கிறார். மச்சானைத்தான் எழுப்பிக் காட்டினேன். அவன் சிரித்தான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன் போட்டால், “இந்த வருசம் பனி ஜாஸ்தி அண்ணே, நாங்க என்ன செய்ய முடியும்” என்றார். மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

இங்கே சிங்கப்பூரில் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது என்பதால் அந்தச் செலவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பேநவ் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் என்னிடம் இருக்கின்றன. நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

யாரிடம் கொடுத்தாலும் படம் வேண்டாம், வீடியோ கேளுங்கள். ஹீட்டர் வால்விலிருந்து தண்ணீர் சொட்டி நிற்பது தெரிய வேண்டும். பேட்டரி ஆளின் கையில் இருக்க வேண்டும். அன்றைய தேதியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பணம் அதற்குப் பிறகு.

நேற்று நண்பர் ஒருவர் அந்த ஆளின் இந்த வருட விளம்பரத்தை அனுப்பினார். அதில் இருப்பது எங்கள் வண்டி. இடது மூலையில் இலையும் இருக்கிறது.