அண்டிப்பருப்பு கேமராவுக்கு எந்தத் திரவ லென்ஸ்?

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பைத் தரம் பிரிக்கக் கேமரா வைத்தால், காலை வாரக்கூடியது நிறப்பிறழ்ச்சி, அதாவது ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு தூரத்தில் குவிவது. கறுப்பு பெல்ட்டில் கிடக்கும் வெள்ளைப் பருப்பின் ஓரத்தில் செம்மை கசியும். அதைத் தொலி என்று எண்ணி நல்ல டபிள்யூ 320-ஐ (வெள்ளை முழுப்பருப்பின் ஒரு தரம்) மெஷின் தள்ளிவிடும்.

கணக்குக்கு 25 மிமீ லென்ஸ், எஃப்/8, 3.45 மைக்ரான் பிக்சல், 200 மிமீ தூரம். லென்ஸை முடிவிலியில் வைத்து, முன்னால் திரவ லென்ஸை (திரவத்தின் வளைவை மாற்றி ஃபோகஸை நகர்த்துவது) மாட்டினால் அது 5 டயாப்டர் திறன் (குவியத்தூரம் 1/5 மீட்டர்) தர வேண்டும். சென்சார் பக்கம் கூர்மை தாங்கும் ஆழம் மொத்தம் 55 மைக்ரான்.

மீள்சவ்வுக்குள் திரவம் அடைத்த சவ்வு லென்ஸில் இரண்டு திரவங்கள் உண்டு. ஒளிவிலகல் எண் 1.559, ஆபே எண் (இது கூடினால் நிறம் பிரிவது குறையும்) 32 கொண்டது லேசாக வளைந்தாலே போதும். ஆனால் நீலமும் சிவப்பும் 98 மைக்ரான் விலகி நிற்கும். ஒளிவிலகல் எண் 1.300, ஆபே எண் 100 கொண்டதில் விலகல் 31 மைக்ரான்தான். அதே திறனுக்கு இது 1.86 மடங்கு வளைய வேண்டும், கோளப்பிறழ்ச்சி (லென்ஸின் ஓரமும் நடுவும் வெவ்வேறு இடத்தில் குவிவது) ஏறும். எஃப்/4-க்குத் திறந்தால் ஆழம் 28 மைக்ரானாகச் சுருங்கி, இதுவும் தோற்கும்.

மின்னழுத்தத்தில் வளையும் எண்ணெய்-உப்புநீர் லென்ஸில் தனித்தனி ஆபே எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. எண்ணெய்க்கு ஒளிவிலகல் எண் 1.48, ஆபே எண் 40; உப்புநீருக்கு 1.38, 56 என்று வையுங்கள். எல்லைப் பரப்பில் வேலை செய்வது ஒளிவிலகல் எண்களின் வித்தியாசம் 0.10 மட்டுமே; நிறப்பிரிகை வித்தியாசமோ 0.0052. ஆக, இணையின் ஆபே எண் 19, இரண்டையும்விட மோசம்! எண்ணெயின் ஆபே எண் 60 ஆனால் இணை 80-ஐத் தாண்டும். துளை சிறியது என்பது தனிக் குறை. அடர்த்தி பொருந்திய திரவங்கள் என்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் கலங்காது. சவ்வு லென்ஸைக் கிடைமட்டமாகப் பார்க்க வைத்தால் திரவம் கீழே தொய்ந்து கோமா (புள்ளி வால் முளைத்ததுபோல் தெரிவது) வரும்.

என் தேர்வு: 1.300 சவ்வு லென்ஸ், நேர் கீழே பார்த்தபடி. ஆனால் அதற்கு முன், கண்ணாடி லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே 0.5, 1, 2 மிமீ ஸ்பேசர் வளையங்களைச் சேர்த்து 3.5 மிமீ கொடுத்து, 200 மிமீ ஃபோகஸைக் கண்ணாடி லென்ஸிடமே விடுங்கள். பருப்பின் உயரம் 10 மிமீ கூடிக் குறைந்தாலும் திரவத்துக்கு 0.25 டயாப்டர்தான் வேலை. 1 டயாப்டர் என்றே வைத்தாலும் ஆபே 32 திரவத்தில்கூட விலகல் சுமார் 25 மைக்ரான். திரவத்தை மாற்றுவதைவிட ஸ்பேசர் மலிவு.

போர்மா (பருப்பை உலர்த்தும் சூட்டறை) பக்கத்தில் மாட்டாதீர்கள்; சூட்டில் திரவம் விரிந்து ஃபோகஸ் நகரும். மாட்டியபின் கறுப்பு-வெள்ளை விளிம்பு அச்சிட்ட தாளைப் பருப்பின் உயரத்தில் வைத்துப் படமெடுங்கள். சிவப்புச் சேனலிலும் நீலச் சேனலிலும் விளிம்பின் அகலம் 2 பிக்சலுக்கு மேல் வேறுபட்டால் ஸ்பேசரைத் திரும்பப் பாருங்கள்.