ஹங்கேரியனும் ருமேனியனும் ஒரே பெட்டியில்: யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4, பல வருட ஆட்டத்துக்குப் பிறகு

2013-இல் வந்த கணினி கேம்; ஒரு நாட்டைக் கையில் எடுத்து நூற்றாண்டுகள் ஆள வேண்டும். எத்தனையோ புதுசு வந்தும் இதை லேப்டாப்பிலிருந்து தூக்க மனசு வரவில்லை. நான் அதிகம் ஆடுவது ஹங்கேரி. ஆட்டம் தொடங்கும் நாள் 1444 நவம்பர் 11. முந்தின நாள்தான் வர்ணா போர்க்களத்தில் ஹங்கேரி அரசன் மாண்டிருக்கிறான்; அரியணை காலி, தெற்கே ஒட்டோமான் படை. இதைவிட நல்ல தொடக்கம் வேறு எந்த நாட்டுக்கும் இல்லை.

உறுத்துவது கலாச்சாரக் குழு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு கலாச்சாரம், ஒவ்வொரு கலாச்சாரமும் ஏதாவது ஒரு குழுவில். நம் குழுவாக இருந்தால் வரியிலும் படையாட்களிலும் வெட்டு குறைவு. வேற்றுக் குழு என்றால் பலமாக விழும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நாலும் திராவிடக் குழு. சரி, மொழிக்குடும்பம்தான் கணக்கு என்று நினைப்போம். ஆனால் எந்த மொழிக்குடும்பத்திலும் சேராத பாஸ்க் மொழி பேசுபவர்களைத் தேடினால் ஸ்பானியர்களோடு ஐபீரியக் குழுவில் இருக்கிறார்கள், கெல்டிக் மொழி பேசும் பிரெத்தோன்கள் பிரெஞ்சுக் குழுவில்.

ஹங்கேரியில் இது உச்சம். ஹங்கேரியர், ருமேனியர், திரான்சில்வேனியர் மூவரும் கார்பேத்திய மலைத்தொடரின் பெயரில் கார்பேத்தியக் குழுவாம். ஹங்கேரிய மொழி பின்னிஷ் வகையறா, ருமேனியன் லத்தீன் வழி. ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் ஆர்த்தடாக்ஸ். பொதுவாக இருப்பது மலை மட்டும்தான்! ஆனால் 1102-லிருந்து அதே மணிமுடியின் கீழ் இருந்த குரோவாசியர் தென் சிலாவியக் குழு, ஸ்லோவாக்கியர் மேற்கு சிலாவியம். நேற்றுப் பிடித்த ருமேனியர் நாடான வலாக்கியா சொந்தம், முன்னூறு வருடம் கூட இருந்தவன் அந்நியன். மொழியை மட்டும் பார்த்திருந்தால் ஹங்கேரியர் தனிமரமாக நின்று ஆட்டம் படுத்திருக்கும் என்பதும் உண்மை. ஆகவே இது வரலாற்றுப் பிரிவு இல்லை, ஆட்டச் சமநிலைக்கான ஏற்பாடு. அப்படி எடுத்துக்கொண்டால் எரிச்சல் பாதி குறையும்.

இதே நிறுவனத்தின் குரூசேடர் கிங்ஸ் 3, 2022 அப்டேட்டிலிருந்து மரபு வேறு, மொழி வேறு என்று பிரித்துவிட்டது. 1066-இல் நார்மன்களோடு இங்கிலாந்தில் இறங்கினால், ஆங்கிலோ-சாக்சன்களோடு ஒட்டுதல் தலைமுறை தலைமுறையாகத்தான் ஏறும். போதுமான அளவு ஏறினால் கலப்புக் கலாச்சாரமே உருவாக்கலாம். அருமையான யோசனை. ஆனால் நூற்றைம்பது வருடம் ஓடியதும் கணினி ராஜாக்கள் கண்டபடி கலந்து, வரைபடம் முழுக்கப் பெயர் தெரியாத கலாச்சாரங்கள்.

அதனால் நான் திரும்பவும் ஹங்கேரிக்கே வந்துவிடுகிறேன். ஆடப்போகிறவர்களுக்கு ஒன்று: வேற்றுக் கலாச்சாரத்துக்கு விழும் வெட்டை நீக்கும் ‘ஏற்கப்பட்ட கலாச்சாரம்’ இடங்கள் கொஞ்சம்தான், அவற்றை ருமேனியருக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள். மாகாணங்களின் மொத்த வளர்ச்சிப் புள்ளி 1000-ஐத் தொட்டுப் பேரரசாகிவிட்டால், நம் குழு என்பதால் அவர்கள் தானாகச் சேர்ந்துகொள்வார்கள். இடங்கள் குரோவாசியருக்கும் ஸ்லோவாக்கியருக்கும் இருக்கட்டும்.