மரக்கதவின் பழைய பெயிண்டை உரிக்க: ஹீட் கன்னா, ரிமூவரா?

தட்டையான பலகை, நாலைந்து பூச்சு எனாமல் என்றால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்தான் வேகம். முனையை 5 செ.மீ. தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருங்கள். பெயிண்ட் குமிழ் விட்டதும் பட்டித் தகட்டால் மர ரேகையோடு சுரண்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். கண்ணாடி பதித்த கதவில் வேண்டாம், சூட்டில் விரிசல் விடும்.

கடைசல், செதுக்கு வேலைப்பாட்டுக்கு ரிமூவர், அதாவது பெயிண்டை இளக்கும் மருந்து. பிரஷ்ஷால் கனமாக ஒரே வாக்கில் தடவி, பாலித்தீனால் மூடி, 20–30 நிமிடம் விடுங்கள். பலரும் மெல்லிசாகத் தடவி, அது காய்ந்துபோய், மருந்து சரியில்லை என்கிறார்கள். சுரண்டியபின் டப்பாவில் சொன்னபடி தண்ணீரோ டர்பன்டைனோ கொண்டு துடைத்தே ஆக வேண்டும். மிச்சம் இருந்தால் புதுப் பூச்சு ஒட்டாமல் உரியும். கையுறை கட்டாயம். குளியலறை போன்ற மூடிய இடத்தில் மெத்திலீன் குளோரைடு என்ற ரசாயனம் கலந்த ரிமூவர் உயிரையே பறிக்கும்.

மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதற்கு ஹீட் கன்னும் வேண்டாம், காய்ந்த உப்புத்தாளும் வேண்டாம், ரிமூவரே மேல். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

ஈயமில்லாத பெயிண்ட் என்றால், எதில் உரித்தாலும் நன்றாகக் காயவிட்டு, 80, 120, 180 எண் உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, அப்புறம் பிரைமர்.